தீர்ப்பெழுதிப் பழகிய கை

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நான் எழுதிய தீர்ப்புகள் மூட்டையாகக் கிடக்கின்றன. கொலைக்கு ஆயுள், திருட்டுக்குச் சிறை, பாகப்பிரிவினையில் பெண்ணுக்குச் சம பங்கு என்று ஒருவரையும் விடாமல் தீர்த்து வைத்திருக்கிறேன். எல்லா வழக்கிலும் வாதி 'அ', பிரதிவாதி 'ஆ'. பாவம், அந்த 'அ'வும் 'ஆ'வும் இத்தனை வருடம் என்னிடம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கூட்டிப் பெருக்கும்போது அம்மா விளக்குமாற்றால் மூட்டையை ஒரு தட்டுத் தட்டி, "ஏளா, இதப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டா என்ன?" என்று கேட்பாள். "இருக்கட்டும்மா" என்பேன். ஏன் இருக்க வேண்டும் என்று எனக்கும் சொல்லத் தெரியாது.

நான் நீதிபதி இல்லை. தூத்துக்குடி கோர்ட்டில் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கும் வக்கீல். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் ஜூனியர்தான். நீதிபதி ஆக வேண்டும் என்று தயாரானேன், தயாரானேன், தயாராகிக்கொண்டே இருந்தேன். அந்தத் தயாரிப்பில்தான் என் வாலிபம் போயிற்று.

சட்டம் படித்தால் என்ன வேலைக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர்ப் பெயர் கூவுவதுபோல ஒரே மூச்சில் சொல்வேன். ஜட்ஜ், அரசு வக்கீல், பாங்கில் லா ஆபீசர், கம்பெனியில் லீகல், நோட்டரி, சட்டக் கல்லூரியில் வாத்தியார். திருநெல்வேலியில் என்னோடு படித்தவர்கள் ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். காயல்பட்டினத்துப் பையன் ஒருவன் பரீட்சை எழுதிய கை காய்வதற்குள் மாமாவின் கம்பெனிக்கு ஒப்பந்தம் பார்க்கத் துபாய் போனான். ஒருத்தி பாங்கில் சேர்ந்து கடன் பத்திரங்களைப் பார்க்கிறாள். மணப்பாட்டுக்காரன் ஒருவன் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் சேர்ந்தான். கன்டெய்னரில் தண்ணீர் புகுந்தது, முந்திரி நனைந்தது, அது கப்பல்காரன் தப்பா, கட்டிக்கொடுத்தவன் தப்பா என்று கடிதம் எழுதுவதுதான் அவன் வேலை. கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குள் போய் வருகிறான். நன்றாகத்தான் இருக்கிறான்.

எனக்கும் அப்படி ஒரு வேலை வந்தது. துறைமுக ரோட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில், சுங்கத்துறை அனுப்பும் நோட்டீசுக்குப் பதில் எழுத ஆள் தேடினார்கள். போய்ப் பேசினேன், அவர்களுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மாதச் சம்பளத்துக்குப் போகிற வக்கீல், பார் கவுன்சிலில் பதிந்து வாங்கிய சன்னதை நிறுத்தி வைக்க வேண்டும், அது விதி. நிறுத்தினால் வக்கீலாக நின்ற வருடக் கணக்கும் அங்கேயே நின்றுவிடும். நீதிபதித் தேர்வு எழுத நினைக்கிறவளுக்கு அந்தக் கணக்குதான் உயிர். அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. மகள் ஏசி அறையில் உட்காருவாள் என்று நினைத்திருப்பார்.

இவ்வளவு பிடிவாதத்துக்கும் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். அவளுக்கு நாகர்கோவில் பக்கம். கல்லூரி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. படிப்பு முடிந்து அவள் தன் ஊரில் ஒரு சீனியரிடம் சேர்ந்தாள், நான் இங்கே சேர்ந்தேன். ஆனாலும் ஒரே அறையில் இருப்பதுபோலத்தான் இருந்தோம். கோர்ட் கலைந்து வீட்டுக்கு வந்ததும் ஒருத்தி ஒரு வழக்கை இட்டுக்கட்டி அனுப்புவாள். இருவரும் தனித்தனியே உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவோம். எழுதிய தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அவள் தீர்ப்பை நான் கிழிப்பேன், என் தீர்ப்பை அவள் கிழிப்பாள். தேர்வில் ஒரு தாளே அதற்குத்தான். வழக்கைக் கொடுத்து, தீர்ப்பு எழுது என்பார்கள்.

அவள் தீர்ப்பு வெடுக்கென்று இருக்கும். இன்ன காரணத்தால் வாதி ஜெயிக்கிறான், முடிந்தது. என் தீர்ப்பு அப்படியில்லை. வாதி சொல்வதில் இருக்கும் நியாயத்தை ஒரு பக்கம் எழுதுவேன், பிரதிவாதி சொல்வதில் இருக்கும் நியாயத்தை அதே அளவுக்கு ஒரு பக்கம் எழுதுவேன். யார் மனமும் நோகாமல் எழுத வேண்டும் என்று ஒரு கிறுக்கு. அவள் குரல் பதிவு அனுப்புவாள்: "மக்கா, என்ன எழுதி வச்சிருக்க? ரெண்டு பேரும் நல்லவங்கன்னு சொல்லதுக்கா சர்க்கார் சம்பளம் தருது? யாருக்க பக்கம் நியாயம்னு சொல்லு." எனக்குச் சிரிப்பு வரும். மறுநாளும் அதையேதான் எழுதுவேன்.

கை பழகினால் வாயும் பழகிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. சீனியர் என்னை முதன்முதலாக வாதாட அனுப்பியது ஓர் உப்பள வழக்கு. பக்கத்துப் பாத்திக்காரர் வரப்பை வெட்டிவிட்டார், எங்கள் கட்சிக்காரரின் உப்பெல்லாம் கரைந்துபோயிற்று, இதுதான் வழக்கு. ஜட்ஜ் என்னைப் பார்த்து, "மழையில வரப்பு தானா உடைஞ்சிருக்கலாம்னு எதிர்த்தரப்பு சொல்றாங்களே?" என்று கேட்டார். நான் ஒரு நொடி யோசித்தேன். யோசித்தால் அதிலும் நியாயம் இருந்தது. "அதற்கும் வாய்ப்பு இருக்கிறது, யுவர் ஆனர்" என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கவே இல்லை. எதற்கு எழுந்திருக்க வேண்டும்?

வெளியே வந்ததும் சீனியர் வராந்தாவில் நின்று, கோபத்தைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, நீ நம்ம ஆளுக்குப் பேசுதியா, எதிராளிக்குப் பேசுதியா? அந்த மனுசனுக்கு ஒரு வேலையும் வைக்கலயே நீ. உக்காந்த எடத்துலயே ஜெயிச்சுட்டுப் போறாரு." பக்கத்தில் நின்ற வக்கீல்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுதிருந்தால் இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு வாய்தா வேலைதான். சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், சீனியருக்குக் காய்ச்சல், சீனியர் வந்துகொண்டே இருக்கிறார், ஒரு வாய்தா வேண்டும். இதைச் சொல்லச் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, தொண்டை இருந்தால் போதும். உப்புக்குச் சப்பாணியாக நின்றேன். ஆனால் அது எனக்குப் பெரிய வருத்தமாகவும் இல்லை. வழக்காடுவது என் வேலை இல்லையே, நான் மேடைக்கு அந்தப் பக்கம் போய் உட்காரப் போகிறவள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தேர்வு அறிவிப்பு வரும் என்று காத்திருந்தோம். வந்தது. எழுத்துத் தேர்வில் இருவரும் தேறிவிட்டோம். சென்னையில் நேர்முகத் தேர்வு. அதற்கு முன்னால் அவள் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். முன்னறையில் அவளை உட்கார வைத்து நான் கேள்வி கேட்பேன், என்னை உட்கார வைத்து அவள் கேட்பாள். காட்டன் சேலையைக் கட்டிக்கொண்டு, கதவைத் தட்டி, வணக்கம் சொல்லி உள்ளே வருவதுவரை ஒத்திகை பார்த்தோம். அம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் சோறு போடும்போது, "அந்தப் பிள்ள கேட்டதும் டக்குன்னு சொல்லுது. நீ என்னத்துக்குளா இழுக்கே?" என்றாள். "யோசிச்சுச் சொல்லணும்லாம்மா" என்றேன். "ஆமா, நீ யோசிச்சு முடிக்கதுக்குள்ள அவுக பூட்டிட்டு வீட்டுக்குப் போயிருவாவ" என்றாள் அம்மா. தோழிக்குப் புரையேறிவிட்டது.

நேர்முகத்தில் என்னிடம் சட்டமும் கேட்டார்கள், தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு ஏன் நின்றுபோயிற்று என்றும் கேட்டார்கள். கடலுக்குள் சிப்பி குறைந்ததையும், குறைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களையும், அந்தக் காரணங்களை மறுக்கிறவர்களின் கருத்தையும் சொன்னேன். ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முடிவு வந்தது. அவள் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, சொல்வதும் இல்லை. அவள்தான் முதலில் கூப்பிட்டாள். நான் வாழ்த்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். மனதின் இன்னொரு மூலையில் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: அவளுக்குப் பதில் நான் இருந்திருக்கக் கூடாதா என்று ஓடியது.

பயிற்சிக்குப் போன அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். "மக்கா, ஒரு காரியம் சொல்லணும். வக்கீல்மாருட்ட பழக்கம் வச்சுக்கப்பிடாதுன்னு இங்க கிளாஸ்ல ஒருநாள் விடாம சொல்லுதாங்க. நாளைக்கு எனக்க கோர்ட்லயே நீ வந்து நிக்கலாம். பேசுனா ஒனக்கும் கெட்ட பேரு, எனக்கும் கெட்ட பேரு" என்றாள். குரல் உடைந்திருந்தது. "சரிதானே. நானா இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்" என்றேன். அதுவும் என் வாயில் ஊறிய நியாயம்தான். அன்று மாலை, எங்களோடு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவள் விலகிவிட்டதாக ஒரு வரி வந்தது. நீதிபதி ஆகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் விலகுவார்கள். குழுவில் இருந்த யாரும் எதுவும் கேட்கவில்லை, கட்டைவிரல் படம் போட்டு வாழ்த்தினார்கள்.

அதற்குப் பிறகும் தேர்வு எழுதினேன். ஒரு தடவை எழுத்துத் தேர்வில் கொஞ்சத்தில் போயிற்று. இன்னொரு அறிவிப்பு வரும் வரும் என்று இலவு காத்த கிளியாக இருந்தேன். அது வந்தபோது என் வயது வரம்பைத் தாண்டியிருந்தது. அந்த அறிவிப்பை பார் அசோசியேஷன் அறையில் வைத்துத்தான் படித்தேன். படித்துவிட்டு டீ வாங்கிக் குடித்தேன். ஒரு பெரிய துக்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. களைப்புதான் வந்தது, நெடுந்தூரம் நின்றுகொண்டே வந்த பஸ் பயணத்துக்குப் பிறகு வருமே, அந்தக் களைப்பு. அது இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் ஒரு வழக்கை இட்டுக்கட்டித் தீர்ப்பு எழுத உட்கார்ந்தேன். பாதியில்தான் உறைத்தது. இதை இனி யாருக்காக எழுதுகிறேன்? ஆனாலும் எழுதி முடித்தேன். மறுநாளும் எழுதினேன். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்கு மாலையில் வேறு எதுவும் செய்யத் தெரியாமல் போயிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் விளாத்திகுளம் கோர்ட்டுக்கு அவள் மாற்றலாகி வந்தாள். மாற்றல் பட்டியல் வந்த அன்றைக்கே சீனியருக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்கு அங்கே ஒரு வழக்கு இருந்தது. விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காட்டில் ஒரு அக்காவுக்குக் கொஞ்சம் மிளகாய் போடுகிற நிலம். அதற்குப் போகும் வண்டிப் பாதை பக்கத்து நிலத்தின் வழியாக இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் அதைச் சோலார் கம்பெனிக்கு விற்றுவிட்டார். கம்பெனிக்காரர்கள் பாதையையும் சேர்த்துக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். வழக்கு முடியும்வரை பாதையைத் திறந்துவிடச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்டு நாங்கள் மனுப் போட்டிருந்தோம். போட்டுவிட்டு நாங்களே வாய்தா வாங்கிக்கொண்டிருந்தோம், சீனியருக்கு மதுரையில் வேலை அதிகம்.

அன்றைக்கும் சீனியர் மதுரை போகிறார். என்னைக் கூப்பிட்டு, "அந்த ஜட்ஜம்மா ஒன்கூடப் படிச்ச பிள்ளதானாமே. நீ போய் நின்னாப் போதும், வாய்தா தந்துரும்" என்றார்.

"அப்படியெல்லாம் சொல்ல முடியாது சார்."

"சும்மா போம்மா. மூஞ்சியக் காட்டிட்டு வா."

போக எனக்குப் பிடிக்கவே இல்லை. அவள் முன்னால் வாய்தா கேட்டு நிற்பதற்காகவா இத்தனை வருடம் படித்தேன் என்று வழி முழுக்க மனம் அரற்றியது. ஜன்னலுக்கு வெளியே உப்பளம் முடிந்து, உடைமரங்கள் வந்து, கரிசல் வந்தது. வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது.

கோர்ட் வாசலில் கட்சிக்கார அக்கா எனக்கு முன்பே வந்து நின்றாள். "யம்மா, மழ எறங்கதுக்குள்ள உழுது வெதச்சாத்தான் உண்டு. டிராக்டர்காரன் வேலியப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டான். இந்த வருசம் தரிசாப் போட்டுட்டா நாங்க எங்கன போறது? இன்னைக்காவது பேசுவியளா?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு வாய்தாதான்க்கா. சார் மதுரைக்குப் போயிருக்காங்க."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு வசவு வைதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவள் மேடையில் வந்து அமர்ந்தாள். என் தோழியைச் சொல்கிறேன். மெலிந்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். எழுந்து வணங்கிய எல்லாரையும் பார்த்துப் பொதுவாக ஒரு வணக்கம் சொன்னாள். என்மேல் அவள் பார்வை பட்டது, நிற்கவில்லை, போயிற்று. சரிதான் என்று நினைத்தேன்.

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். எழுந்து, சீனியர் மதுரையில் இருக்கிறார், ஒரு வாய்தா வேண்டும் என்றேன்.

அவள் வழக்குக் கட்டைப் புரட்டினாள். "இந்த மனு யார் போட்டது?"

"வாதி தரப்பு, யுவர் ஆனர்."

"விதைப்புக்கு முன்னாடி பாதை வேணும்னு அவசர மனு போட்டிருக்கீங்க. வாய்தாவும் நீங்களே கேக்கறீங்க. எதிர்த்தரப்பு கேட்டாலாவது ஒரு அர்த்தம் இருக்கு." அந்தக் குரலில் நாகர்கோவில் துளிகூட இல்லை. "வக்காலத்துல உங்க பேர் இருக்கா?"

"இருக்கு, யுவர் ஆனர்."

"அப்ப நீங்களே வாதம் பண்ணுங்க. இன்னைக்குக் கேட்டு முடிச்சிடலாம்."

உப்பள வழக்குக்குப் பிறகு நான் வாதாடியதே இல்லை. வழக்குக் கட்டுக்குள் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும், மனுவைத் தட்டச்சு செய்ததே நான்தான். தெரிவது வேறு, வாய் திறப்பது வேறு. திறந்தபோது பழகிய வழியில்தான் போயிற்று. "கோர்ட் அனுப்பிய கமிஷனர் இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுத்திருக்கிறார். ஓடை வழியாக வாதிக்கு வேறு பாதை இருக்கிறது என்று அதில் உள்ளது. எதிர்த்தரப்பின் இந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே நேரத்தில் வாதியின் பக்கத்தைப் பார்த்தால்..."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மேடம், தீர்ப்பு எழுதறது என் வேலை. அதை நான் பாத்துக்கறேன். நீங்க உங்க கட்சிக்காரருக்காகப் பேசுங்க. பேச முடியலேன்னா உக்காருங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. இத்தனை பேர் முன்னால், இவளா, என்னிடமா? எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, எங்கள் அம்மா கையால் சோறு தின்றவளா? அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. நேர்முகத்தில் தோற்றபோது வரவில்லை, வயது தாண்டியபோது வரவில்லை. எல்லாம் சேர்ந்து அன்றைக்கு வந்தது. வந்த கோபத்துக்கு முதலில் அகப்பட்டது எதிர்த்தரப்புதான்.

"கமிஷனர் ஓடையைப் பார்த்தது சித்திரையில், யுவர் ஆனர். சித்திரையில் ஓடை வெறும் மணல். அதில் டிராக்டர் என்ன, தேரே போகும். எங்கள் கட்சிக்காரர் விதைப்பது ஐப்பசியில். ஐப்பசியில் அந்த ஓடைக்குள் டிராக்டர் இறங்கும் என்றால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் இறங்கிக் காட்டட்டும். நாங்கள் பின்னால் வருகிறோம்."

கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த எதிர்த்தரப்பு வக்கீல் பெரியவர். பொறுமையாக எழுந்தார். "அது கானாத்து ஓடை, யுவர் ஆனர். வருசத்துல ரெண்டு மழைக்குத்தான் அதுல தண்ணி வரும். மத்த நாளெல்லாம் பாதைதான்."

"அந்த ரெண்டு மழைக்குத்தான் அங்கே விதைக்கிறார்கள், யுவர் ஆனர். மானாவாரி நிலம். அந்த ரெண்டு மழையைத் தவிர அங்கே வேறு காலமே கிடையாது."

அவர் கமிஷனர் அறிக்கையைத் தேடிக் கட்டைப் புரட்டத் தொடங்கினார். நான் நிறுத்தவில்லை. வேலியில் ஒரு வண்டி அகலம் திறந்துவிட்டால் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடும், ஒரு விதைப்பு தவறினால் இந்தப் பெண்ணுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டேன். மறுபக்கத்தின் நியாயம் ஒன்றிரண்டு எனக்குத் தோன்றத்தான் செய்தது. அதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு வக்கீல் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். முடித்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். நிமிராமல், "அடுத்த வாரம் உத்தரவு" என்றாள்.

சீனியரிடம் சொன்னபோது அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "வாய்தா கேக்கச் சொன்னா வாதம் பண்ணிட்டு வந்திருக்கியே. நீ நம்ம ஆளுக்குத்தானே பேசுன?" என்றார். "ஆமா சார்" என்றேன். "தோத்துட்டு வந்தா அந்தப் பொம்பளைக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த வாரம் எனக்குச் சரியான தூக்கமில்லை. மொட்டை மாடியில் நின்று வடக்கே வானத்தைப் பார்ப்பேன். மழை வந்துவிடக் கூடாதே என்று தூத்துக்குடியில் உப்புக்காரர்களுக்கு அடுத்தபடி நான்தான் வேண்டியிருப்பேன்.

உத்தரவு நாளில் நானே சீனியரிடம் கேட்டுக்கொண்டு போனேன். அவள் சுருக்கமாகப் படித்தாள். வறண்ட காலத்தில் பார்த்த ஓடையை விதைப்புக் காலத்துப் பாதை என்று கொள்ள முடியாது. வழக்கு முடியும்வரை வேலியில் வண்டி போகும் அளவுக்கு வழி விட வேண்டும், மழைக்கு முன் உடனே விட வேண்டும். வெடுக்கென்ற தீர்ப்பு. அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் தலை வணங்கினேன். அவள் அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கட்சிக்கார அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யம்மா, ஜட்ஜம்மா ஒங்களுக்கு வேண்டியவகதானே?"

எனக்குத் திக்கென்றது. "யாருக்கா சொன்னா?"

"யாரும் சொல்லல. அன்னைக்கு ஒங்கள அந்த ஏச்சு ஏசுனாவள்லா? வேத்தாளுன்னா அப்படி ஏசுவாவளா? கேட்ட வாய்தாவக் குடுத்துப் போன்னு அனுப்பிருப்பாவ."

அவள் முகத்தைப் பார்த்தேன். குறை சொல்லவில்லை அவள், சந்தோஷத்தில்தான் கேட்டாள். ஆனால் இதை அவள் பஸ்ஸில் ஒருத்தியிடம் சொன்னால் போதும், ஊர் முழுக்கப் போய்விடும்.

"இல்லக்கா. அவங்களை எனக்குத் தெரியாது" என்றேன்.

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. டிராக்டர்காரனைப் பிடிக்க வேண்டும் என்று வேகமாக நடந்துவிட்டாள். நான் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வக்கீலாக ஒரு வழக்கில் ஜெயித்திருக்கிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. சீனியரிடம் சொன்னால், பரவாயில்லையே என்பார். அம்மாவிடம் சொன்னால், சாப்பிட்டியா என்பாள். எங்கே தடுமாறினேன், எந்த வார்த்தையில் பிடித்துக்கொண்டேன், எங்கே எதிராளி வாயடைத்துப் போனார் என்று ஒரு வரி விடாமல் கேட்கிறவள் எனக்கு ஒருத்திதான். அவளிடம் நான் பேசக் கூடாது.